திடலைப் பெருக்கிய பந்து வீச்சாளர்

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு திடலில் பல வேலைகள் நடந்து முடிந்திருக்கும். புல் வெட்டப்பட்டிருக்கும். ஆடுகளத்தின் மீது உருளை ஓடியிருக்கும். சுண்ணாம்புக் கோடுகள் நேராகப் போடப்பட்டிருக்கும். பத்து பாகாட்டின் பள்ளித் திடலானாலும், இலண்டனின் லார்ட்ஸ் திடலானாலும் இதே நிலைதான். வீரர்களின் பெயர்களை நாம் அறிவோம். திடலைத் தயார் செய்தவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. அவ்வாறு பெயர் கேட்கப்படாத ஒருவராகத் திடலில் நுழைந்து, பின்னர் இந்தியாவின் தலைசிறந்த பந்து வீச்சாளராக உயர்ந்தவர் பல்வங்கர் பாலூ.

இளமைக் காலம்

பாலூ 1870களின் நடுப்பகுதியில் தார்வாட் நகரில் பிறந்தார். அது இன்றைய கர்நாடக மாநிலத்தில் உள்ளது. அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் மராட்டியக் கடற்கரைப் பகுதியான கொங்கணம். தோல் வேலையைத் தொழிலாகக் கொண்ட சமார் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. அக்காலத்தில் அச்சமூகத்தினர் தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கி வைக்கப்பட்டனர். ஊரின் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் கோயிலுக்குள் செல்லவும் அவர்களுக்குத் தடை இருந்தது. மற்றவர்களுடன் அமர்ந்து உண்பது என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத ஒன்று.

பாலூவின் தந்தை இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்தார். ஆகவே, குடும்பம் பூனா நகரில் குடியேறியது. பூனா ஆங்கிலேயப் படையின் பெரிய முகாம்களுள் ஒன்று. அங்கிருந்த அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் கிரிக்கெட் ஆடினர். அவர்கள் பயன்படுத்திக் கழித்துப் போட்ட மட்டைகளும் பந்துகளும் பாலூவுக்கும் அவருடைய தம்பி சிவராமுக்கும் விளையாட்டுப் பொருள்களாயின. தேய்ந்த பந்தைக் கொண்டு அண்ணனும் தம்பியும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டனர். கண்பத், விட்டல் என்னும் இளைய தம்பியர் இருவரும் பின்னாளில் அதே வழியில் வந்தனர்.

குடும்பத்தின் வருவாய் போதவில்லை. பாலூவின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பார்சி இனத்தவர் நடத்திய ஒரு கிரிக்கெட் மன்றத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும் அவருடைய பணிகள். இடையிடையே, பயிற்சி பெறும் உறுப்பினர்களுக்குப் பந்து வீசவும் அழைக்கப்பட்டார். மாதச் சம்பளம் 3 ரூபாய்.

நான்கு ரூபாய் வேலை

1892 ஆம் ஆண்டில் பாலூ பூனா மன்றத்திற்கு மாறினார். அது ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியது. அங்குச் சம்பளம் 4 ரூபாய். வலைகளைக் கட்டுவது, ஆடுகளத்தைச் சமன் செய்வது, கோடுகளைப் போடுவது என வேலைகள் கூடின. ஓய்வான வேளையில் அவர் பந்து வீசுவதைக் கண்ட ஓர் உறுப்பினர், வலைப் பயிற்சியின்போது தமக்குப் பந்து வீசுமாறு அவரை ஊக்குவித்தார். பெருக்குமாற்றைப் பிடித்த கைக்கு அன்று முதல் பந்து பிடிப்பதும் வேலையாயிற்று.

பாலூ இடக்கையால் மெதுவாகச் சுழற்பந்து வீசுபவர். பந்தை இரு பக்கமும் திருப்பும் திறன் அவரிடம் இருந்தது. உயரத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றி வீசி மட்டையாளரை ஏமாற்றுவார். அதே வேளையில், பந்து விழ வேண்டிய இடம் தவறாது. இந்தத் துல்லியம் ஒரே நாளில் வந்ததன்று. நாள்தோறும் பல மணி நேரம், பல ஆண்டுகள் அவர் ஐரோப்பிய மட்டையாளர்களுக்குப் பந்து வீசினார். ஒவ்வொருவருடைய பலத்தையும் பலவீனத்தையும் கவனித்தார்.

அந்த மன்றத்தின் சிறந்த மட்டையாளர் கிரெக் என்னும் இராணுவ அதிகாரி. அவர் மற்றவர்களுக்கு முன்பாகவே திடலுக்கு வந்து, பாலூவின் பந்துகளை எதிர்கொண்டு பயிற்சி செய்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலூவுக்கு எட்டணா கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. எட்டணா என்பது அரை ரூபாய். கிரெக்கை எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம் கையில் இருக்கும். வறுமையில் இருந்த இளைஞர் ஒருவருக்கு இதைவிடக் கூர்மையான பயிற்சி கிடைப்பது அரிது.

ஆனால், ஒன்று மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. பூனா மன்றத்தில் ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய பாலூவின் கையில் ஒரு முறைகூட மட்டை தரப்படவில்லை. மட்டை பிடிப்பது உறுப்பினர்களின் உரிமை; பந்து வீசுவது வேலையாளின் கடமை. அக்காலத்து எண்ணம் அதுவாகவே இருந்தது.

பந்து பொது, கோப்பை தனி

பூனாவில் இந்துக்களுக்கென ஒரு கிரிக்கெட் குழு இருந்தது. ஐரோப்பியர்களை வெல்ல வேண்டும் என்பது அக்குழுவின் நெடுநாள் ஆசை. ஐரோப்பியர்களின் ஆட்டத்தைப் பாலூ அளவுக்கு அறிந்தவர் அந்நகரில் வேறு யாரும் இல்லை. ஆயினும், அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் குழுவினர் இரண்டாகப் பிரிந்தனர். சிலர் திறமையை முன்வைத்தனர். சிலர் சாதியை முன்வைத்தனர். திறமையுள்ள ஒருவரை விட்டுவிடுவது அறிவீனம் என்று கிரெக்கே வெளிப்படையாகக் கருத்துரைத்தார். இறுதியில் பாலூ குழுவில் சேர்க்கப்பட்டார்.

திடலுக்குள் அவர் மற்ற பத்துப் பேருக்கும் சமமானவர். அவர் வீசிய பந்தை மற்றவர்கள் பிடித்தனர். அவர்கள் எறிந்த பந்தை அவர் பிடித்தார். அந்தப் பந்தின் மேலுறை தோலால் ஆனது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தோல் வேலை செய்தவர்களை ஒதுக்கிய சமூகம், தோலால் ஆன பந்தைத் தயக்கமின்றிக் கைகளில் ஏந்தியது.

தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறிவிடும். மற்ற வீரர்கள் ஓய்வுக் கூடத்திற்குள் அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்துவர். பாலூவுக்கு வெளியே, பயன்படுத்தியபின் எறிந்துவிடும் மண் கோப்பையில் தேநீர் தரப்படும். முகம் கழுவ வேண்டுமானால், அவருடைய சமூகத்தைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒரு பணியாளர் திடலின் மூலைக்கு நீர் கொண்டுவந்து ஊற்றுவார். உணவு வேளையில் அவருக்குத் தனித் தட்டு, தனி மேசை. இடைவேளை முடிந்தபின் அவர் மீண்டும் திடலுக்குள் சென்று, அதே நண்பர்களுக்காக விக்கெட்டுகளை வீழ்த்துவார்.

பூனா இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றனர். அவ்வெற்றியில் பாலூவின் பங்கு பெரிது. ஒரு முறை சதாரா நகரத்து ஐரோப்பியக் குழு, பாலூவின் சுழற்பந்துக்கு அஞ்சி, ஆடுகளத்தின் மீது பல நாள் உருளை ஓடவிட்டது. இறுகிய தரையில் பந்து திரும்பாது என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது. பாலூ 7 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். பல ஆண்டுகள் உருளை இழுத்தவருக்கு, இறுகிய தரையில் எப்படிப் பந்து வீச வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்?

இவ்வெற்றியைப் பாராட்டிப் பூனாவில் விழா எடுக்கப்பட்டது. சேர்ந்து ஆடுகின்றவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று சீர்திருத்தச் சிந்தனையாளர் ரானடே அறிவுறுத்தினார் என்பதை வாழ்க்கை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பாராட்டு கிடைத்தது, மாற்றம் மெல்லத்தான் வந்தது.

பம்பாயில் புது வாழ்வு

1890களின் இறுதியில் பூனாவைக் கொள்ளை நோய் தாக்கியது. பலர் நகரைவிட்டு வெளியேறினர். பாலூவும் பம்பாய்க்குச் சென்றார். அங்கே பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் அவருக்கு வேலை கிடைத்தது. ரயில்வே குழுவுக்காகவும் ஆடினார். பம்பாயின் புகழ்பெற்ற பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா மன்றத்தில் அவரைச் சேர்க்கச் சில உறுப்பினர்கள் மறுத்தனர். மன்றத்தின் குழுத் தலைவர் தலையிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டார்.

பம்பாய் வணிக நகரம். பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒன்றாக வாழ்ந்த இடம். பூனாவில் மூடிக்கிடந்த ஒரு கதவு இங்கே சற்றுத் திறந்தது. பாலூவும் சிவராமும் மற்ற வீரர்களுடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணத் தொடங்கினர். பார்ப்பதற்கு இது சிறிய செய்திதான். மண் கோப்பையில் தேநீர் குடித்தவருக்கு இது சிறிய செய்தியன்று.

1906 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்துக்களுக்கும் பம்பாய் ஐரோப்பியர்களுக்கும் இடையே பெரும் போட்டி நடைபெற்றது. முதல் இன்னிங்ஸில் இந்துக்கள் 242 ஓட்டங்களும் ஐரோப்பியர்கள் 191 ஓட்டங்களும் எடுத்தனர். இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160 ஓட்டங்கள் சேர்த்தனர். 212 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் ஆடிய ஐரோப்பியர்கள் 102 ஓட்டங்களுக்குள் சுருண்டனர். இந்துக்கள் 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றனர். பாலூ தம் சுழற்பந்தால் இவ்வெற்றிக்கு வழிவகுத்தார். சிவராமும் இக்குழுவில் ஆடினார்.

ஆட்சி செய்தவர்களை, ஆளப்பட்டவர்கள் அவர்களுடைய விளையாட்டிலேயே வென்ற நாள் அது. அந்த வெற்றி, சாதி வேற்றுமையைக் கைவிட்டதால் கிடைத்த வெற்றியும் ஆகும். அக்காலச் சீர்திருத்த இதழ் ஒன்று இக்கருத்தை வலியுறுத்திக் கட்டுரை வெளியிட்டது. ஒதுக்கப்பட்ட இருவரைச் சேர்த்துக்கொண்டதால் குழு வலுப்பெற்றது. நாடும் அவ்வாறே செய்தால் நாடு வலுப்பெறும் என்பது அதன் சாரம்.

கடல் கடந்த பயணம்

1911 ஆம் ஆண்டில் இந்தியாவைச் சார்ந்த குழு ஒன்று முதன்முறையாக அகில இந்தியக் குழு என்ற பெயரில் இங்கிலாந்து சென்றது. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையேற்றார். இந்து, முஸ்லிம், பார்சி, சீக்கியர் எனப் பல சமயத்தினர் அக்குழுவில் இடம்பெற்றனர். அவர்களுள் பாலூவும் சிவராமும் இருந்தனர்.

பயணம் எளிதாக அமையவில்லை. குளிரும் ஈரமும் நிறைந்த காலநிலை வீரர்களுக்குப் புதிது. வலிமையான மாவட்டக் குழுக்களும் பல்கலைக்கழகக் குழுக்களும் அவர்களை எதிர்கொண்டன. ஆடிய 23 ஆட்டங்களில் 15 ஆட்டங்களில் தோல்வி ஏற்பட்டது. 6 ஆட்டங்களில் மட்டுமே வெற்றி கிட்டியது.

இத்தோல்விகளுக்கு இடையே ஒருவருடைய பெயர் மட்டும் மீண்டும் மீண்டும் செய்தித்தாள்களில் வந்தது. பாலூ அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஒரு விக்கெட்டுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ஓட்டங்கள் 19க்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். லார்ட்ஸ் திடலிலும் பந்து வீசினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35. பெரும்பாலான பந்து வீச்சாளர்கள் ஓய்வை எண்ணும் வயது அது.

அவர் நாடு திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு வரவேற்பளித்தனர். அவர்களுக்குப் பாலூவின் ஒவ்வொரு விக்கெட்டும் தங்களுடைய வெற்றியாகத் தோன்றியது. கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கரும் பாலூவை வியந்து போற்றியவர்களுள் ஒருவர். பின்னாளில் இந்திய அரசியலமைப்பை உருவாக்கிய அதே அம்பேத்கர்தாம் அவர்.

தலைமைப் பொறுப்பு

1912 முதல் பம்பாயில் இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர்கள் ஆகிய நான்கு குழுக்கள் மோதும் போட்டி ஆண்டுதோறும் நடந்தது. இந்துக் குழுவில் பாலூவைவிட அனுபவம் மிக்கவர் எவரும் இல்லை. ஆயினும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோதெல்லாம் அவருடைய பெயர் தள்ளி வைக்கப்பட்டது. அவர் பந்து வீசலாம். வெற்றி தேடித் தரலாம். உயர்சாதியினருக்குக் கட்டளையிடும் இடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. ஓய்வுக் கூடத்தின் கதவு திறந்த பின்னும் இந்தக் கதவு மூடியே இருந்தது. ஒரு முறை தலைவராகத் தேர்வு பெற்ற பாய் என்பவர், அப்பொறுப்பு பாலூவுக்கே சேர வேண்டியது என்று பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்.

1920 ஆம் ஆண்டில் இச்சிக்கல் உச்சத்தை எட்டியது. பாலூ குழுவிலிருந்தே விலக்கப்பட்டார். தலைமைப் பொறுப்பு, தகுதியால் அதற்கு முன் நின்ற அவருடைய தம்பியருக்கும் தரப்படவில்லை. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினர். சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட அவமதிப்பை ஏற்க இயலாது என்று பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தனர். நாட்டில் காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மக்களின் ஆதரவு சகோதரர்கள் பக்கம் இருந்தது. குழு நிருவாகம் இறங்கி வந்தது. பாலூ மீண்டும் சேர்க்கப்பட்டு, துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே தலைவர் பாய் திடலைவிட்டு வெளியேறிப் பாலூவுக்கு வழிவிட்டார். சிறிது நேரமே ஆயினும், உருளை இழுத்த மனிதர் தம் குழுவைத் திடலில் வழிநடத்தினார்.

முழுப் பொறுப்பு பாலூவின் கைக்கு வரவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது. ஆனால், 1923 ஆம் ஆண்டில் அவருடைய தம்பி விட்டல் இந்துக் குழுவின் தலைவரானார். அவ்வாண்டு குழு ஐரோப்பியர்களை வென்றது. இரசிகர்கள் விட்டலைத் தோள்மீது தூக்கிக் கொண்டாடினர். தொடுவதே தீட்டு என்று கருதப்பட்ட குடும்பத்தின் பிள்ளையைத் தோளில் சுமக்க மக்கள் முண்டியடித்தனர். அண்ணன் விதைத்ததைத் தம்பி அறுவடை செய்தார்.

நிறைவு

பாலூ மொத்தம் 33 முதல்தர ஆட்டங்களில் ஆடி 179 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். சராசரி 15.21. இன்றைய பந்து வீச்சாளர்களும் மதிக்கும் எண் அது. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932 ஆம் ஆண்டில்தான் ஆடியது. அதற்குள் பாலூவின் ஆட்டக் காலம் முடிந்துவிட்டது. அதனால், டெஸ்ட் வீரர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை.

ஓய்வு பெற்றபின் அவர் பொதுவாழ்வில் ஈடுபட்டார். ஒடுக்கப்பட்டோரின் உரிமையைப் பெறும் வழி குறித்து அவருக்கும் அம்பேத்கருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. 1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். வழி வேறாயினும் இருவர் விரும்பியதும் ஒன்றே: பிறப்பால் எவரும் தாழ்ந்தவர் ஆகக் கூடாது. 1955 ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாலூ பம்பாயில் காலமானார்.

உலகின் வேறொரு மூலையிலும் இதுபோன்ற கதை நிகழ்ந்தது. அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் கறுப்பினத்தவர் பல பத்தாண்டுகளாக முதன்மைப் போட்டிகளில் ஆட அனுமதிக்கப்படவில்லை. ஜாக்கி ராபின்சன் 1946 ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரின் கீழ்நிலைக் குழுவில் ஆடித் தம்மை மெய்ப்பித்து, 1947 ஆம் ஆண்டில் புரூக்ளின் குழுவின் வழியாக முதன்மைப் போட்டிக்குள் நுழைந்தார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பாலூ பூனாவில் அத்தகைய பாதையைத் தொடங்கிவிட்டார். அவருக்கு முன்னால் நடந்து காட்டியவர் எவரும் இல்லை.

பாலூவின் திறமை அவருக்குத் திடலின் வாயிலைத் திறந்தது. ஆனால், திறமை மட்டுமே எல்லாக் கதவுகளையும் திறந்துவிடவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ளத் துணிந்தவர்களும், அநீதியைக் கண்டு ஆட மறுத்த தம்பியரும், தமக்குக் கிடைத்த பொறுப்பை விட்டுக்கொடுத்த தலைவரும் சேர்ந்தே அக்கதவுகளைத் தள்ளினர். தேநீர்க் கோப்பையில் தொடங்கி, உணவு மேசை வழியாகத் தலைவர் பொறுப்பு வரை வந்து சேர அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டுகளிலும் பாலூவின் பந்து மட்டும் விழ வேண்டிய இடத்தில் தவறாமல் விழுந்துகொண்டே இருந்தது.